மாளிகை சரிந்தது! மக்கள்?

"மிதி! மிதி! இன்னும் ஒரு மிதி!"

கொட்டகையிலே எழுந்த கூச்சல் இது. கூவியவர்கள் கொடியவர்கள் அல்லர். பகலெல்லாம் பாடுபட்டு, மாலையிலே மனைவி மக்களுடன் வந்து, கட்டணம் செலுத்தி, கையிலே பொரிப் பொட்டலத்துடன் அமர்ந்திருந்த நல்லவர்கள். எறும்பை மிதிக்கவும் தயங்குவோர் அவர்களிலே இருந்திருக்கக்கூடும். அவர்கள் நடுவே நானும் இருந்தேன். கூவினேனா? வாய் கூவவில்லை, வாத்தியார் என்ற நினைப்பு தடுத்துவிட்டது. ஆனால் உள்ளம் கூவிற்று. மறைப்பானேன்!

2021ஆம் ஆண்டில் வெளிவந்த 'காட்சில்லா வெர்சஸ் காங்' என்னும் அமெரிக்கப் படம், தமிழ்க் குரல் பெற்று எங்கள் ஊர்க் கொட்டகைக்கும் வந்திருந்தது. இரவு வேளை, ஹாங்காங் நகரம், வானத்தை வம்புக்கு இழுக்கும் மாடங்கள், மாடந்தோறும் வண்ண விளக்குகள். நடுவே மலைபோன்ற இரண்டு உருவங்கள் மோதுகின்றன. அறைக்கு ஒரு மாளிகை. உதைக்கு ஒரு தெரு. மாளிகை சரியும்போதெல்லாம் கொட்டகை அதிர்ந்தது, கைதட்டலால்!

என்னுடன் வந்திருந்தவன் என் அக்காள் மகன். அப்போது ஆறாம் வகுப்பு. கைதட்டியவர்களில் அவனும் ஒருவன். வீடு திரும்பும் வழியிலே, மிதிவண்டியின் பின்னே அமர்ந்திருந்தவன், திடீரென்று கேட்டான்: "மாமா, இடிஞ்ச வீட்டிலெல்லாம் விளக்கு எரிஞ்சுதே, உள்ளே ஆளுங்க இருந்தாங்களா?"

படத்திலே அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. இருந்தார்கள் என்றும் கூறவில்லை, இல்லை என்றும் கூறவில்லை. விளக்கு எரிந்தது, வீடு விழுந்தது, கதை மேலே சென்றது. 'படந்தானே, விடடா' என்று சொல்லியிருக்கலாம். அது விடை அன்று, வாயடைப்பு. வகுப்பறையிலே அந்த வித்தையை நாங்கள் அடிக்கடி செய்கிறோம். அன்று எனக்கு அதைச் செய்ய மனம் வரவில்லை. "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். அவன் கேட்டதோ ஒரு வீட்டைப்பற்றி. நான் தேடவேண்டியிருந்ததோ, அழிவைக் கண்டு மகிழ்வது அறமா என்ற வழக்குக்குத் தீர்ப்பு.

வழக்கு புதிதன்று. கடலிலே புயல், கப்பல் தத்தளிக்கிறது, கரையிலே நிற்பவன் காண்கிறான், அவன் நெஞ்சிலே ஓர் இன்பம் எழுகிறது. பிறர் படும் துயரிலே பிறந்த இன்பமன்று அது, தான் தப்பியிருக்கிறோம் என்ற உணர்விலே பிறந்தது என்று விளக்கம் தந்தார், ரோம நாட்டு லுக்ரீஷியஸ். அவருக்கும் முன்னரே அரிஸ்டாட்டில், நேரிலே கண்டால் அருவருக்கும் பொருள்களை ஓவியத்திலே கண்டு மாந்தர் மகிழ்கின்றனரே எனக் குறித்தார்.

நம்மவர் இதைக் கருதாமல் இல்லை. எட்டு மெய்ப்பாடுகளை எண்ணிய தொல்காப்பியர், மருட்கை என்னும் வியப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்டு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கைச் சொன்னார். அச்சத்துக்கும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. (அரசனையும் கள்வனையும் ஒரே வரிசையிலே நிறுத்திய துணிவைப் போற்றிவிட்டு மேலே செல்வோம்.) விலங்கு தரும் அச்சமும் பெருமை தரும் வியப்பும் ஓருடலாகிக் கடலிலிருந்து எழுந்து வந்தால் எப்படி இருக்கும்? ஐம்பது மீட்டர் உயரம் இருக்கும். முதுகிலே முள்வரிசை இருக்கும். வாயிலே தீ இருக்கும். ஜப்பானியர் அதற்குக் 'கொஜிரா' என்று பெயரிட்டனர். கொரில்லாக் குரங்கின் பெயரையும், திமிங்கிலத்தைக் குறிக்கும் 'குஜிரா' என்ற தம் சொல்லையும் இணைத்துச் செய்த பெயர். உலகம் அதைக் காட்சில்லா என்கிறது.

அதன் முதற்படம் 1954ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் ஜப்பான் எங்கும் திரையிடப்பட்டது. இயக்கியவர் இஷிரோ ஹோண்டா. எடுத்தது டோஹோ நிறுவனம். அந்தப் படத்தைத் தேடிப் பெற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலே சிறுதிரையில் மாமனும் மருமகனுமாக அமர்ந்து கண்டோம். கறுப்பு வெள்ளைப் படம் என்றதும் பையனுக்கு முகம் சுளித்தது. ஆனால் சற்று நேரத்திலே சுளிப்பு மறைந்தது.

அந்தப் படத்தைக் கண்ட முதற்கூட்டத்தை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஏறத்தாழ 96 இலட்சம் நுழைவுச்சீட்டுகள் விற்றன. அவற்றை வாங்கியவர்கள் யார்? ஒன்பதே ஆண்டுகளுக்கு முன், 1945 மார்ச் 10ஆம் நாள், ஓரிரவிலே டோக்கியோ நகரம் விமானக் குண்டுகளால் பற்றியெரிந்தபோது, ஏறத்தாழ ஓர் இலட்சம் உயிர்கள் கருகினவே, அந்த நகரத்தார்! அதே ஆண்டு ஆகஸ்டிலே ஹிரோஷிமாவும் நாகசாகியும் என்ன ஆயின என்பதை அறிந்திருந்தும், அமெரிக்க ஆக்கிரமிப்பின் தணிக்கை காரணமாக அதுபற்றி வாய்திறந்து எழுதவும் பேசவும் பல ஆண்டுகள் இயலாதிருந்த நாட்டார்! ஆக்கிரமிப்பு முடிந்தது 1952இல். 1954 மார்ச் 1ஆம் நாள், பிக்கினித் தீவிலே அமெரிக்கா வெடித்த நீரகக் குண்டின் சாம்பல், ஐந்தாம் ஃபுக்குரியூ மாரு என்னும் ஜப்பானிய மீன்பிடி படகின்மீது பொழிந்தது. படகிலே இருந்தோர் 23 பேர். அவர்களுள் வானொலிப் பணியாளரான அய்க்கிச்சி குபோயாமா செப்டம்பர் 23ஆம் நாள் இறந்தார். ஆறே வாரம் சென்று படம் வெளிவருகிறது. அதன் முதற்காட்சி என்ன? கடலிலே ஒரு கப்பல், கண்ணைப் பறிக்கும் ஓர் ஒளி, கப்பல் எரிகிறது!

லுக்ரீஷியஸ் காட்டிய கரை இங்கே எங்கே இருக்கிறது? கொட்டகையிலே அமர்ந்திருந்தவர்கள் கரையிலே நின்று பிறர் கப்பலைக் கண்டவர்கள் அல்லர். உடைந்த கப்பலிலிருந்து உயிர் தப்பியவர்கள். தாம் மீண்டும் கட்டியெழுப்பிய நகரம் மீண்டும் எரிவதைக் காசு கொடுத்துக் காண வந்தவர்கள்!

டோக்கியோவின் யூராக்குச்சோ வட்டாரத்திலே நிச்சிகெக்கி என்றொரு பெரிய அரங்கு இருந்தது. 1981இல் அதை இடித்துவிட்டனர். படம் எடுத்த டோஹோ நிறுவனமே நடத்திய அரங்கு அது. காட்சில்லா அவ்வழியே நடக்கும்போது அதன் வால் அந்த அரங்கையும் அறைந்துவிட்டுப் போகிறது. தன் கொட்டகையைத் தானே இடித்துக் காட்டுகிறார் கொட்டகைக்காரர்! வேடிக்கைதான். வேடிக்கை மட்டுந்தானா? 'இந்தக் கூரையும் உன்மீது விழக்கூடியதே' என்று பார்வையாளனின் காதோடு சொல்வதும் அல்லவா அது!

பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஹோண்டா அதற்கு விடை சொல்கிறார், ஒளிக்காமல். தெருவிலே தீ. சுவரோரம் ஒரு தாய், குழந்தைகளை இறுக அணைத்தபடி அமர்ந்திருக்கிறாள். ஓடவில்லை, ஓட இடமில்லை. சிறிது நேரத்தில் அப்பாவிடம் போய்விடுவோம் என்று குழந்தைகளுக்குச் சொல்கிறாள். போரிலே மாண்ட கணவனின் கதை அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது. அவள் பெயர் நமக்குத் தெரியாது. கதைக்கு அவள் தேவையும் இல்லை. ஆயினும் இயக்குநர் அவளிடம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறார்.

அடுத்து விடிகிறது. விடிந்ததும் மருத்துவமனை! இத்தகைய படங்களிலே யான் வேறெங்கும் கண்டிராத காட்சி. கூடமெங்கும் படுத்துக் கிடக்கும் மக்கள், ஒரு குழந்தையின் அருகே கதிரியக்கம் அளக்கும் கருவியை நீட்டுகின்றனர், அது கடகடக்கிறது, அறிஞர் தலையை அசைக்கிறார். இறந்த தாயைப் பார்த்து ஒரு சிறுமி கதறுகிறாள். முந்தைய இரவிலே விளக்கெரிந்த வீடுகளுக்குள் இருந்தவர்கள் இவர்கள்! 1946இல் சீனப் போர்க்களத்திலிருந்து தாயகம் திரும்பியபோது ஹிரோஷிமா வழியே வந்தவர் ஹோண்டா. மருத்துவமனையைக் காட்டாமல் அவரால் படத்தை முடித்திருக்க முடியாது என்றே எண்ணுகிறேன்.

என் பக்கத்திலே பையன் பேசவில்லை. அந்த விலங்கு மின்கம்பிகளை அறுத்தபோது, தொடர்வண்டியைக் கவ்வியபோது, அவன் மகிழ்ந்தான், நானும் மகிழ்ந்தேன். மருத்துவமனை வந்ததும் கைகள் மடியிலே வந்து அடங்கின. மகிழ்ச்சி குற்றம் என்று யாரும் எங்களைக் கண்டிக்கவில்லை. மகிழ்ச்சிக்கு ஒரு கணக்கு உண்டு என்று சீட்டை எடுத்து நீட்டினார்கள். அவ்வளவே.

இடையிலே ஒன்று. படத்திலே ஓடோ என்றொரு கற்பனைத் தீவு. அத்தீவுக் கிழவர் கூறுகிறார்: கொஜிரா பழைய கடல்தெய்வமாம், மீன் கிடைக்காத காலங்களிலே கன்னிப்பெண்களைக் கடலுக்குப் பலி கொடுத்தார்களாம், இப்போது கூத்து மட்டும் ஆடுகிறார்களாம். ஆடுகிறார்கள், ஆடிய அன்றிரவே தீவு அழிகிறது! அணங்கைப்பற்றிய அச்சம் ஒன்றுக்கும் உதவவில்லை. ஆனால் அந்த இடத்திலே அறிவியலை அரியணை ஏற்றிவிடவும் ஹோண்டா மறுக்கிறார். விலங்கை எழுப்பியது நீரகக் குண்டு. அதைக் கொல்லும் கருவியைக் கண்டவர் செரிசாவா என்னும் விஞ்ஞானி. போரின் வடுவை முகத்திலே தாங்கியவர். தம் கண்டுபிடிப்பு அரசுகளின் கையிலே சிக்கினால் அடுத்த குண்டாகும் என்று அஞ்சுகிறார். குறிப்புகளை எரிக்கிறார், கருவியை ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிறார், தாமும் கடலுக்கடியிலே விலங்கோடு மாள்கிறார். பூசாரியைக் கைவிட்ட பகுத்தறிவு, புதிய பூசாரியையும் கேள்வி கேட்கவேண்டும் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது!

இத்தனையும் படித்துணர்ந்து, தீர்ப்பு எழுதிவிடலாம் என்று எழுதுகோலை எடுத்தேன். 'ஆட்களைக் காட்டினால் அறம், மறைத்தால் அறமன்று' என்று. அப்போதுதான் இன்னொரு செய்தி குறுக்கே வந்து நின்றது.

காட்சில்லா படத்தின் தந்திரக்காட்சிகளை அமைத்தவர் எய்ஜி ட்சுபுராயா. உருவை இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறுக்கி ஒரு டோக்கியோவையே கட்டினார். ஏறத்தாழ நூறு கிலோ எடையுள்ள உறைக்குள் ஹருவோ நாக்காஜிமா என்னும் நடிகரைப் புகுத்தினார். அவரோ விலங்குக்காட்சிச் சாலைக்குச் சென்று யானையும் கரடியும் எப்படி அடியெடுத்து வைக்கின்றன என்று பார்த்துப் பழகிக்கொண்டு வந்து நடந்தார். வேகமாகப் படம்பிடித்து மெதுவாக ஓட்டினர். அட்டையும் சாந்தும் மலைபோல் கனத்து விழுந்தன. கலை! ஐயமே இல்லை, கலை! இந்தக் கலையை ட்சுபுராயா எங்கே மெருகேற்றினார்? 1942 டிசம்பரிலே, பேர்ள் துறைமுகத் தாக்குதலின் ஓராண்டு நிறைவையொட்டி, கடற்படையின் ஆதரவோடு ஜப்பானில் வெளியான 'ஹவாய் – மலேயா கடற்போர்' என்ற படத்திலே! அங்கேயும் சிற்றுருவத் துறைமுகம், சிற்றுருவக் கப்பல்கள், குண்டு, தீ, நீர்த்தூண். அங்கேயும் கொட்டகை நிறையக் கூட்டம். கப்பல்களுக்குள் ஆட்கள் இருந்தார்களா என்று அப்போது கேட்ட சிறுவன் உண்டா? இருந்திருந்தால் அவன் வாயை அன்றைய ஜப்பான் பொத்தியிருக்கும்.

அதே கை. அதே கலை. பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. முன்னதிலே எரிந்தது பகைவன் கப்பல். பின்னதிலே எரிந்தது சொந்த ஊர். சொந்த ஊர் எரிந்தபோதுதான் உள்ளிருந்த மக்கள் கண்ணுக்குத் தெரிந்தனர்!

ஜப்பானியரை மட்டும் இடித்துரைத்துவிட்டு நாம் நழுவ முடியுமா? பகைவர் ஊரை எரித்த வேந்தனைப் பாராட்டிப் பரிசில் பெற்றவர்கள் நம் புலவர்கள். களத்திலே பேய்கள் கூழ் அட்டு உண்பதைச் சுவைபடப் பாடிய பரணியை நான் வகுப்பிலே நடத்துகிறேன், மாணவர் சிரிக்கின்றனர், நானும் சிரிக்கிறேன். கலிங்கத்திலே வீடு இருந்ததா, வீட்டிலே விளக்கு எரிந்ததா என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை. கேட்கும்படி நான் நடத்தியதும் இல்லை.

'மலேயா' என்ற பெயரை அந்த 1942ஆம் ஆண்டுப் படம் பெருமையோடு தலைப்பிலே சூடிக்கொண்டதே, அந்த மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்துதான் தமிழர்கள் சயாம் – பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1942 முதல் 1943 வரை காடு வெட்டி, மலை குடைந்து, 415 கிலோமீட்டர் பாதை போட்ட அந்த வேலையிலே, காய்ச்சலாலும் கழிச்சலாலும் பட்டினியாலும் அடியாலும் பல்லாயிரம் தமிழர் மடிந்தனர். அவர்களுக்காக எந்தப் பேருரு விலங்கும் கடலிலிருந்து எழவில்லை. 1954ஆம் ஆண்டுப் படத்தின் மருத்துவமனையிலே அவர்களுக்குக் கட்டில் இல்லை. சீன மக்களுக்கும் இல்லை. தன் காயத்தை அவ்வளவு நேர்மையாகக் காட்டிய படம், தன் கை செய்த காயத்தைக் காட்டவில்லை. குறை என்றுதான் சொல்வேன், படத்தை விரும்பிக்கொண்டே சொல்வேன். 2001இல் ஷுசுக்கே கனெக்கோ இயக்கிய ஒரு காட்சில்லா படம் இந்தப் பக்கம் ஓரடி வைத்தது: பசிபிக் போரிலே மாண்டோரின் ஆவிகள் விலங்குக்குள் புகுந்து, மறந்துவிட்ட ஜப்பானைத் தண்டிக்க வருவதாகக் கதை. ஆவியிலே எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மறதி தண்டிக்கப்படவேண்டிய குற்றம் என்று ஒருவர் கருதியதிலே மகிழ்ச்சி.

முதற்படத்தை அமெரிக்கா என்ன செய்தது தெரியுமா? 1956இல், ரேமண்ட் பர் என்ற தன் நாட்டு நடிகரைச் செய்தியாளராக இடையிலே செருகி, 96 நிமிடப் படத்தை 80 நிமிடமாக வெட்டிக் கொட்டகைகளுக்கு அனுப்பியது. வெட்டுண்டவை எவை? தொடர்வண்டியிலே ஒரு பெண், நாகசாகியிலிருந்து தப்பி வந்தேனே என்று சொல்லும் பேச்சு போயிற்று. அணு ஆய்வுகள் தொடர்ந்தால் இன்னொரு காட்சில்லா எழக்கூடும் என்று இறுதியிலே முதியவர் யமானே விடும் எச்சரிக்கை போயிற்று. மிதிப்பதும் எரிப்பதும் பத்திரமாகத் தங்கின! அந்நாட்டுக் கொட்டகைகளிலே மூலப்படம் முறையாக வெளிவர 2004 வரை, அரை நூற்றாண்டு, காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊர்க் கொட்டகையிலே நான் கண்டது எந்த மரபிலே வந்த படம் என்பது இப்போது விளங்கிற்று.

ஆயின், சிரிப்புக்கே இடமில்லையா? ஒவ்வொரு படமும் மருத்துவமனையிலேதான் முடியவேண்டுமா? அப்படி ஓர் ஆணை பிறந்தால் முதலில் மீறுபவன் நானாக இருப்பேன். பின்னாளிலே டோஹோ எடுத்த படங்கள் பல சிறுவர்க்கானவை. 1964இலேயே காட்சில்லா மற்ற விலங்குகளோடு சேர்ந்து மூன்று தலை நாகம் ஒன்றை விரட்டி ஜப்பானைக் காக்கத் தொடங்கிவிட்டது. 1966, 1967ஆம் ஆண்டுப் படங்களிலே நகரமே கிடையாது, தீவுகளிலே சண்டை. பணமிச்சம் என்பர் சிலர், இருக்கலாம். எப்படியாயினும் கண்ணுக்கெட்டியவரை வீடில்லை. 'படம் தரம் தாழ்ந்தது, பகடியாகிவிட்டது' என்று அறிஞர்கள் முகஞ்சுளிக்கின்றனர். எனக்கு அந்தச் சுளிப்பிலே உடன்பாடில்லை. உறைக்குள் ஆள் இருப்பது தெரிகிறது, மலை அட்டையென்பது தெரிகிறது, ஆடுகிறார்கள், பார்க்கிறோம். அதிலே எந்தப் பிணமும் மறைக்கப்படவில்லை. மறைக்கப்படுவது மூன்றாம் வகையிலேதான்: விளக்கெரியும் வீடுகளை வரிசையாகக் காட்டி, நொறுக்கிவிட்டு, எண்ணாமல் போய்விடும் படங்களிலே. குறை காண்பதானால் அவற்றைக் காணலாம். காணாமல் கைதட்டிய என்னையும் சேர்த்துக் காணலாம்.

அடுத்த ஞாயிறு, 'கிங் காங் எதிர் காட்சில்லா' என்னும் 1962ஆம் ஆண்டுப் படத்தைப் போட்டோம். இது வண்ணப்படம், பையனுக்கு முன்கூட்டியே மகிழ்ச்சி. அக்காள் பொரி வறுத்து வைத்திருந்தாள். நகரக் காட்சிகள் வந்தபோது அவன் சற்றுச் சாய்ந்து, சன்னல்களை உற்றுப் பார்த்ததைக் கண்டேன். மக்களை வெளியேற்றுகிறார்கள் என்றதும் நிமிர்ந்தான். கதை புஜி மலைச் சாரலுக்குச் சென்றது. புல், பாறை, மரங்கள்; வேறெதுவும் இல்லை. காங் ஒரு மரத்தை வேரோடு பிடுங்கிக் காட்சில்லாவின் வாய்க்குள் திணித்தது.

"இங்கே யாரும் இல்லை, மாமா!" என்று கத்திவிட்டு, பொரி சிதற அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான்.